பொட்டு வைத்த பூசணிக்காய்

படியேறும்போது முழங்கால் சத்தம் போட்டால், அது பக்கத்து வீட்டுக் கதவு என்று பாவனை செய்கிற என் வயதுத் தோழர்களே, உங்களிடம் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கும் கடையில் பூசணிக்காயைக் கண்டால் என் வலது கைப் பெருவிரல் தானாக நீண்டு அதன் அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்க்கும். போன வாரம் ஒரு கடைப்பிள்ளை, வாங்கப் போகிறீர்களா, வைத்தியம் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டாள். வைத்தியம்தான் பார்த்தேன். ஒன்பது வயதில் ஐந்து வாரம், ஒரே ஒரு நோயாளிக்குப் பார்த்த வைத்தியம். பழக்கம் விடவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நான் வீரனாக வருகிற இடம் எதுவும் இல்லை. தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் இல்ஃபோர்டில் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. பூசணிக்காய் அப்போது இன்றுபோலக் கடை வாசலில் மலையாகக் குவிந்து கிடக்காது. எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பூட்டுகிற கிழவர் தன் தோட்டத்தில் வளர்த்துக் கொண்டுவந்து, வகுப்பில் மேசைக்கு ஒன்றாகத் தந்தார். முந்தின வருடம் ஒரு பெரிய வகுப்புப் பையன் பூசணிக்காய்க்குப் பதிலாகத் தன் விரலைச் செதுக்கிவிட்டதால், கத்தி கூடாது என்று தலைமை ஆசிரியரின் உத்தரவு. பூசலாம், ஒட்டலாம், உடுத்தலாம். ஓர் ஓட்டைகூடப் போடக் கூடாது. "உங்களுக்குப் பிடித்த ஒருவரின் முகத்தைச் செய்யுங்கள்" என்றார் எங்கள் வகுப்பு ரீச்சர்.

எங்கள் மேசையில் நாலு பேர். சீட்டுப் போட்டதில் சனி ஞாயிறு பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுபோய் அலங்கரிக்கும் பாக்கியம் எனக்கு விழுந்தது. மேசைத் தலைவி ஒரு செந்நிறத் தலைமயிர்க்காரி. சிரிக்காமலே பயமுறுத்தத் தெரிந்தவள். "திங்கட்கிழமை இது வரவில்லை என்றால் நீயும் வராதே" என்றாள்.

யாருடைய முகம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அந்த வயதில் எனக்கு இரண்டு காதல்கள் இருந்தன. ஒன்று ரீச்சர். மற்றது பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டில் வரும் இனிப்புக் கஸ்ரட். கஸ்ரட்டுக்கு முகம் கிடையாது. ஆகவே ரீச்சர். கன்னத்தில் இடிக்கிற நீளத் தோடு, இமையில் நீலப் பூச்சு, உதட்டைத் தாண்டி ஓடும் சிவப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா இரவு ஷிப்ட் முடித்து மேலே படுத்திருந்தார். அவருடைய குறட்டை படி இறங்கி வந்து கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் வர்ணம் தந்துவிடவில்லை. ஆறு வயதுத் தங்கச்சியும் நானும் குசினி அலுமாரியைத் திறந்தோம்.

"மனிசருக்கு இந்த நிறமில்லை, அண்ணா" என்றாள் தங்கச்சி, செம்மஞ்சள் தோலைத் தடவிப் பார்த்து. ஆகவே மஞ்சள்தூளைக் குழைத்து முகமெல்லாம் பூசினோம். கோதுமை மாப் பசையில் மைசூர்ப் பருப்பை ஒவ்வொன்றாக அடுக்கி உதடு. அம்மாவின் கண் மையில் அரைவாசி கண்ணுக்குப் போனது, மீதி என் சட்டைக்கு. அம்மாவின் ஜிமிக்கியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். காம்பு ஒரு கொம்பைப் போல நீட்டிக்கொண்டு நின்றது. சேர்த்து வைத்திருந்த சொக்லேற் சரிகைத் தாளை அதில் சுற்றினோம்.

"ரீச்சருக்குக் குளிரும்" என்று தங்கச்சி அம்மாவின் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து கழுத்துவரை சுற்றினாள். கழுத்தே இல்லாத ஒரு பொருளுக்கு அவள் கழுத்தைக் கண்டுபிடித்த விதம் இன்றைக்கும் எனக்கு வியப்பு. பிறகு ஒட்டுப்பொட்டு மட்டையை எடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அம்மா விசேஷ நாளுக்கு என்று ஒளித்து வைத்திருந்தார்.

"ரீச்சர் பொட்டு வைக்கிறேல்லையடி."

"பொட்டில்லாட்டில் வடிவில்லை."

பெரியதை நெற்றியில் ஒட்டினாள். சிறியவை அத்தனையும் கழுத்துச் சங்கிலியாயின.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் ரீச்சரைப் பிடிக்க, அம்மனாய் முடிந்தது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. அச்சு அசல் ரீச்சர் என்றுதான் பூரித்துப்போய் நின்றேன்.

பசை காய வேண்டும். முன்னறையில் காஸ் நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேசை. அதன்மேல் சரஸ்வதி படம், விளக்கு, எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள். அந்த வருடம் நவராத்திரி பிந்தித்தான் வந்திருந்தது. வழக்கமாக அம்மா நிறைகுடத்தில் தேங்காய் வைத்துச் சேலை சுற்றி, கும்பம் என்று அம்மனாகப் பாவித்து ஒன்பது நாளும் கும்பிடுவார். அந்த முறை ஷிப்ட் மாறி மாறி வந்ததால் கும்பம் வைக்கவில்லை. படத்துக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. காலி இடம் என்றால் பொருள் வைப்பதற்குத்தானே? வைத்தேன்.

பின்னேரம் நாலு மணிபோல் வாசல் மணி அடித்தது. அன்ரி.

அன்ரி எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவோடு ஒரே கடையில் வேலை செய்தவர். அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் முடித்து மூன்றாம் மாதமே லண்டனுக்கு வந்துவிட்டார். கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு விசாவுக்கு அலைந்தார். இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்ரியின் அறையில் தொலைபேசி இல்லாததால் கணவர் எங்கள் வீட்டுக்குத்தான் அழைப்பார். எங்கள் தொலைபேசி விரலால் சுற்றுகிற வகை. சுற்று வட்டத்தில் அப்பா ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். அழைப்பு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. பூட்டுப் போட்ட தொலைபேசி என்றால் என் மகன் நம்பமாட்டேன் என்கிறான்.

வெளியே நல்ல மழை. முன்னறை வெக்கை பட்டதும் அன்ரியின் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் பால்போல் வெளுத்தது. அந்தப் பாலுக்குள்ளால் அவர் பார்த்தது சிவப்புச் சேலை, பொன்முடி, மஞ்சள் முகம், பெரிய பொட்டு.

"ஐயோ, அக்கா கும்பம் வச்சிட்டாவோ! எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"அன்ரி, அது வந்து..."

"சத்தம் போடாதை, ராசா."

சப்பாத்து இரண்டும் இரண்டு மூலைக்குப் பறந்தன. மேசையிலிருந்த கற்பூரத்தைக் கொளுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ரீச்சருக்கு முன்னால் முழங்காலில் இருந்து அழத் தொடங்கினார்.

"அம்மாளே, அவரை என்னட்டைக் கொண்டுவந்து சேர். அவர் வந்து உன்னைக் கும்பிடுமட்டும் எனக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். அதுமட்டும் நீயும் இந்த இடத்தாலை அசையக் கூடாது."

இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் நான் விரல் விட்டு நாள் எண்ணினேன். திங்கட்கிழமை அவள் அசைய வேண்டும், அசையாவிட்டால் நான் பிணம்.

அம்மா கடைப் பைகளோடு வந்தார். அன்ரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். காதைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனார்.

"உது என்னடா?"

"பூசணிக்காய், அம்மா."

"அது தெரியுது. ஆரது?"

"ரீச்சர்."

அடிவிழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தால், அம்மா பாத்திரம் துடைக்கிற துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"சொல்லுங்கோவன், அம்மா."

"இப்பவோ? இப்பதான் அழுது முடிச்சு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறா. நாளைக்குச் சொல்லுவம்."

அம்மாவின் அன்றைய வயதை எப்போதோ தாண்டிவிட்ட நான் சொல்கிறேன்: பெரியவர்கள் செய்கிற தவறுகளில் பாதி 'நாளைக்குச் சொல்லுவம்' என்பதில் தொடங்குகிறது. மீதிப் பாதியை, என்னைப் போன்றவர்கள் அன்றைக்கே சொல்லிச் செய்கிறோம்.

ஏனென்றால் நாளைக்கு, ஞாயிறு காலை பத்து மணிக்கு, அன்ரி கும்பிட வந்திருந்த நேரம், தொலைபேசி அடித்தது. இரண்டு வருடமாக அசையாமல் கிடந்த விசா விண்ணப்பம் அசைந்துவிட்டதாம். கணவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்ரி ரிசீவரை வைத்துவிட்டு நேரே மேசைக்கு ஓடினார். இனி யார் போய், 'அது பூசணிக்காய்' என்பது?

நான் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு நிலைமையை ஆராய்ந்தேன். பூசணிக்காயைக் கொண்டுபோனால் அம்மன் கொல்வாள். கொண்டுபோகாவிட்டால் செந்நிறத் தலைமயிர்க்காரி கொல்வாள். அம்மனுக்குப் பதினெட்டுக் கை. மற்றவளுக்கு இரண்டே கைதான், ஆனால் கிள்ளுவாள். முடிவு காண முடியாமல் பலத்த குரலில் அழுதேன்.

அப்பா கதவைத் தட்டினார். "இதுக்கேன்டா கக்கூசுக்குள்ளை இருந்து அழுறாய்? இன்னொரு பூசணிக்காய் வாங்கினாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரேயொரு காய்கறிக் கடையில் ஒன்றே ஒன்று இருந்ததாம். முதலாவது என் இரண்டு கைக்குள்ளும் அடங்காதது. இது அப்பாவின் ஒரு கையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"இது அதின்ரை பிள்ளை மாதிரியெல்லோ இருக்கு" என்றார் அம்மா.

"தூரத்திலை பாத்தாத் தெரியாது."

"எவ்வளவு தூரத்திலை? லண்டனுக்கு அந்தப் பக்கம் சட்டனிலை நிண்டோ?"

அன்று பின்னேரம் குசினித் தரையில் பேப்பர் விரித்து நாங்கள் நாலு பேரும் சுற்றி இருந்தோம். தோழர்களே, என் சிறுபிராயத்தில் ஒரேயொரு பின்னேரத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது வந்து கேட்டால் இதைத்தான் கேட்பேன். மஞ்சள் வாசம், ஈரப் பேப்பர் வாசம், ஜன்னலில் மழை. ஷிப்ட் மாறி மாறிப் போனதால் அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே எங்களுக்கு அதிசயம். தங்கச்சி ஒவ்வொரு பொட்டாக நகத்தால் கிளப்பி இடம் மாற்றினாள். உதடு செய்யும் பொறுப்பை அப்பா பிடிவாதமாக வாங்கிக்கொண்டார். பருப்பு சறுக்கி மேலே ஏறியது.

"அப்பா, அம்மாளுக்கு மீசை வந்திட்டுது!"

"அது நிழலடி."

"நிழலோ? உங்கட தம்பியின்ரை முகம் மாதிரிக் கிடக்கு" என்று அம்மா பூசணிக்காயைப் பறித்தார். "நீங்கள் போய்ப் பசையைக் கிண்டுங்கோ."

அப்பா பசை கிண்டும் வேலைக்குப் பதவியிறக்கப்பட்டார். அந்தக் கோபத்தில் பசையைத் தொட்டு அம்மாவின் மூக்கில் வைத்தார். அம்மா மஞ்சளைத் தொட்டு அவர் வழுக்கையில் வைத்தார். கத்தி இல்லாமல் ஒரு குடும்பம் பூசணிக்காயைச் சுற்றி இவ்வளவு நேரம் இருந்தது எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். சின்னவளுக்குச் சேலையைச் சுற்றியதும் அம்மன் மறுபடி வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சேலையில் மறைக்கலாம். நாங்கள் மறைத்தோம்.

திங்கள் காலை பெரியவள் என்னோடு பள்ளிக்கூடம் போனாள். தங்கச்சி அவளை வெறும் நெற்றியோடு அனுப்ப மறுத்து ஒரு பொட்டை மிச்சம் விட்டிருந்தாள்.

"யார் இது?" என்று ரீச்சர் கேட்டார்.

"நீங்கள்தான், மிஸ்."

ரீச்சர் குனிந்து பூசணிக்காயைச் சுற்றிப் பார்த்தார். "மிஸ்ஸுக்குப் பொட்டு இல்லையே" என்றாள் செந்நிறத் தலைமயிர்க்காரி. ரீச்சர் பூசணிக்காயின் நெற்றியிலிருந்து பொட்டைக் கிளப்பித் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் விடும்வரை கழற்றவில்லை. அந்த வாரம் எனக்குக் கஸ்ரட் இறங்கவில்லை. காதல் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

வீட்டில்தான் சிக்கல். பின்னேரம் அன்ரி வந்தார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. மேசைக்கு முன்னால் நின்று தலையைச் சரித்து, அந்தப் பக்கம் ஒருதரம் இந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். நான் சோபாவுக்குப் பின்னால் இருந்தேன். நின்றேன் என்று எழுதினால் பொய்.

"அக்கா! இஞ்சை ஓடி வாங்கோ. அம்மாள் மெலிஞ்சிட்டா!"

அம்மாவின் கையில் கரண்டி. அதோடேயே ஓடி வந்தார்.

"பாருங்கோ, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. நான் ஒரு நேரம் சாப்பிடுறன் எண்டு அவவும் என்னோடை விரதம் பிடிக்கிறா, அக்கா." அன்ரியின் கண்ணால் நீர் வழிந்தது. அப்பா அவசரமாகக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டார், சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காதிருக்க.

நவராத்திரி முடிந்தது. வழக்கப்படி கும்பத்தை எடுக்க வேண்டும். அன்ரி விடவில்லை. "அவர் வந்து கும்பிடுமட்டும் எண்டு சொல்லிப்போட்டன், அக்கா." அவர் உண்மையிலேயே ஒரு நேரம்தான் சாப்பிட்டார். காப்பு மணிக்கட்டில் தளர்ந்து ஆடியது. அம்மா ஒவ்வொரு வாரமும் "நாளைக்குச் சொல்லுவம்" என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வாசலில் ஒன்றைக் கண்டேன். ஹாலோவீனுக்கு அந்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி மெழுகுதிரி வைத்திருந்த பூசணிக்காய். ஒரே வாரத்தில் அது பல்லுக்கட்டைக் கழற்றிய வாயைப்போல உள்ளே போய், தாடி தாடியாகப் பூஞ்சணம் வளர்த்து, வாசலிலேயே இறந்துகொண்டிருந்தது. எங்களுடையதும் இதுதானே! அம்மன் அழுகினால் அன்ரி என்ன ஆவார்? அந்த அம்மனை நம்பித்தானே அங்கே ஒரு மனிதருக்கு விசா வர வேண்டும்?

கிழவரிடம் ஓடிக் கேட்டேன். "வெட்டினால் உள்ளே காற்றுப் போகும், அழுகும். வெட்டாமல் குளிரான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் கிறிஸ்மஸ் வரை கிடக்கும்" என்றார்.

அன்று தொடங்கியது என் வைத்தியம். காஸ் நெருப்பை அணைத்தேன். அப்பா போடுவார், நான் அணைப்பேன். நவம்பரில் எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார்கள். "இந்த வீட்டிலை குளிராத ஆள் உவ ஒருத்திதான்" என்று அப்பா மேசையைக் காட்டிப் புறுபுறுத்தார். பள்ளிக்கூடம் போகுமுன் சேலையை விலக்கி அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்குவேன். கல். மறுநாளும் கல். அடியில் பேப்பர் மாற்றுவேன், தங்கச்சியின் முகப் பவுடர் தூவுவேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, விரல் உள்ளே போனது. ஒரு பொட்டு அளவு மெத்தை.

"அம்மாளுக்கு வயித்துக்குத்து" என்றாள் தங்கச்சி.

"வாயை மூடடி!"

அன்று பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டபோது ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பதில் ஒரு தேவாரத்தைச் சொன்னேன். மெத்தை வளர்ந்தது. தேநீர்க் கோப்பை வாயளவு. பிறகு சாசர் அளவு. ஒரு கண் மெல்ல இறங்கத் தொடங்கியது. அன்ரி அதைப் பார்த்து, "இரக்கத்தோடை பாக்கிறா" என்றார்.

அந்த வாரம் தொலைபேசி அடித்தது. விசா கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறார்.

வெள்ளிக்கிழமைவரை நான் எப்படி உயிரோடு இருந்தேன் என்பது மருத்துவத்துக்கு விளங்காத விஷயம். வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டேன். அன்ரியும் அப்பாவும் ஹீத்ரோவுக்குப் போனபின், மத்தியானம் முழுவதும் மேசைக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு கையாலும் பூசணிக்காயைத் தாங்கிப் பிடித்திருந்தேன். விரலிடுக்கால் தண்ணீர் கசிந்தது. "கொஞ்ச நேரம், மிஸ்" என்று கெஞ்சினேன். அவசரத்தில் பழைய பெயர்தான் வாயில் வந்தது.

கதவு திறந்தது. மெல்லிய கோட்டில் நடுங்கிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர். அன்ரி அவரை இருக்கவே விடவில்லை.

"முதல்லை வந்து அம்மாளைக் கும்பிடுங்கோ."

அவர் தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவராம். இது எங்கள் கணக்கில் இல்லாத விஷயம். குனிந்தார். உற்றுப் பார்த்தார்.

"இஞ்சரும், இது பூசணிக்காயெல்லோ?"

எட்டு வாரமாக நாலு பேர் வாழ்ந்த வீட்டில் அன்ரிக்கு முன்னால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அப்பாவும் நானும் கூரையைப் பார்த்தோம்.

"வந்த கால் ஆறேல்லை, அதுக்குள்ளை கண்டுபிடிப்பு!" என்றார் அன்ரி. "அவ எனக்காக எட்டுக் கிழமை பட்டினி கிடந்தவ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கும்பிடுங்கோ."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தளர்ந்து தொங்கிய காப்பைப் பார்த்தார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் எழும்பியபோது தரைப்பலகை ஒருதரம் அதிர்ந்தது. அவ்வளவுதான். பூசணிக்காய் ஒரு பெருமூச்சு விட்டு, சேலைக்குள் மெல்ல உட்கார்ந்துவிட்டது.

"வந்த வேலை முடிஞ்சுது" என்றார் அன்ரி அமைதியாக. "போறா."

நான் வெடித்து அழுதேன். எட்டு வாரத்து அழுகை, மூக்கு வழிய, வீடு அதிர. அந்த மனிதர் பதறிப்போய் என்னைத் தூக்கினார். என் பூசணிக்காய்க் கை இரண்டையும் அவர் கோட்டில் துடைத்தேன்.

"இஞ்சை பாருங்கோ, அண்ணை! முன்னைப் பின்னைக் கண்டறியாத பெடியன், என்னைக் கண்ட சந்தோஷத்திலை என்ன அழுகை அழுறான்!"

இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் என் தோளில் கைபோட்டு, சுற்றி நிற்பவர்களுக்கு அவர் சொல்வார்: "நான் லண்டனிலை வந்திறங்கின நாள் எனக்காக அழுத ஒரே ஆள் இவன்தான்." பக்கத்தில் அன்ரி பாயாசக் கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கும்.

"ஓம், அங்கிள்" என்பேன் நான்.